ரசமட்டமும் ஒரு சிவப்புப் புள்ளியும்

ரொட்டித் துண்டை மூக்குக்கு நேரே பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, அதன் ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரசமட்டம் கடிப்பார். ஒரு பக்கம் ஏறியிருந்தால் முதலில் அந்தப் பக்கத்தைக் கடித்துச் சரிசெய்வார். உடனே மறுபக்கம் ஏறியிருப்பதாகத் தோன்றும். அதையும் சரிசெய்வார். இப்படித் திருத்தித் திருத்தியே முழு ரொட்டியும் உள்ளே போய்விடும். எதிரே உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாக இதைப் பார்த்து வரும் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். மனிதர்கள் சாப்பிடும் விதத்தைக் கண்டு ஆச்சரியப்படுவதை அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

தொழில் தச்சு வேலை. ரசமட்டம் என்பது பட்டறையில் வைத்த பெயர். உள்ளே ஒரு குமிழி ஓட, மட்டம் பார்ப்பதற்கென்று தச்சர்களும் கொத்தனார்களும் வைத்திருக்கும் கருவி அது. ஆளைப் பார்த்தவர்கள் யாரும் பெயருக்கு விளக்கம் கேட்டதில்லை. ஒல்லியான, நீளமான உடம்பு. எங்கே போய் நின்றாலும், தலைக்குள் இருக்கும் குமிழி நடுவுக்கு வரும்வரை லேசாக அசைந்துவிட்டு அப்புறம்தான் நிற்பார். அடுத்தவர் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கும் படத்தை, வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் நிமிர்த்திவிட்டு வந்து உட்காருவார். பேச்சு என்ன என்று அப்புறம் கேட்பார்.

கல்யாணப் படத்திலும் அவருக்கு இடது கண் மூடித்தான் இருக்கிறது. மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துக் கண்ணடிக்கிறார் என்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் அன்றைக்குச் சிரித்துக் களைத்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது போட்டோக்காரரின் முக்காலியை. அதில் ஒரு கால் குட்டை.

"எனக்குத்தான்னு நெனச்சு நானும் வெக்கப்பட்டுத் தொலைச்சேன்" என்பார் மனைவி. "முக்காலிக்கு அடிச்ச கண்ணு அது."

இப்படிப்பட்டவர் கையில் வானம் சிக்கியது மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரால். கடைக்கு அலமாரி செய்யப் போன இடத்தில், தொலைநோக்கிக்கான ஆறங்குலக் குழியாடி ஒன்று பழைய துணியில் சுற்றிக் கிடந்தது. இதற்கு ஒரு பெட்டி செய்து கொடு என்றார் கடைக்காரர். ரசமட்டம் பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டு எட்டுப் பட்டை மரக்குழாய் ஒன்றைச் செய்தார். ஆணி கிடையாது, பொருத்து தெரியாது, தடவினால் பூனையின் முதுகு. அதன் கீழே சுழல ஒரு பீடம். கடைக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். இதை வைக்க என் கடையைத்தான் இடிக்க வேண்டும், நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

அது குடியேறிய இடம் அடுக்குமாடிக் கட்டிடத்தின் மொட்டை மாடி. மாடிப் படிக்கட்டின் கடைசி வளைவுக்குக் கீழே, பழைய மிதிவண்டிகளுக்குப் பக்கத்தில், போர்வை போர்த்திய நோயாளி மாதிரி அது பகலெல்லாம் படுத்திருக்கும். மாலையில் மாடிக் கதவின் சாவியை எடுத்துக்கொண்டு ரசமட்டம் மேலே போவார்.

பிரபஞ்சத்தின் பிரம்மாண்டம் பற்றி அவருக்குத் தனியாகக் கருத்து எதுவும் கிடையாது. வேலை எப்படி நடந்திருக்கிறது என்று பார்ப்பார், அவ்வளவுதான். நிலவை முதன்முதலில் அருகே பார்த்தபோது, "பூசிட்டுத் தண்ணி ஊத்தாம விட்டுட்டான், வெடிச்சுப் போச்சு" என்றார். யாரைச் சொன்னார் என்று மனைவி கேட்கவில்லை.

நிலவைப் பிடிப்பது சுலபம். அது வாசல் கதவு அளவுக்கு இருக்கிறது. கஷ்டமெல்லாம் மற்றவற்றில்தான். தொலைநோக்கி ஒரே சமயத்தில் காட்டும் வானம் ஒரு பொத்தான் அளவு. அந்தப் பொத்தானுக்குள் ஒரு கிரகம் விழ வேண்டுமென்றால், குழாய் எங்கே பார்க்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கென்றே குழாயின் முதுகில் சின்னதாக ஒரு குறிபார்க்கும் கருவியைப் பொருத்துவார்கள். ஃபைண்டர் என்று பெயர். ரசமட்டம் அது வேண்டாம் என்றார். இருபத்தெட்டு வருடம் பலகையின் விளிம்பை ஒற்றைக் கண்ணால் பார்த்தவனுக்கு எட்டுப் பட்டைக் குழாயின் விளிம்பு போதாதா என்று கேட்டார்.

போதவில்லை. அந்தப் பருவத்தில் வியாழன் கிரகம் அந்தி நேரத்தில் எதிர்க் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டிக்குச் சற்று மேலே வந்து நின்றது. ரசமட்டம் அதற்குக் குறிவைத்தார். குழாய் போய் நின்ற இடம் அந்தக் கட்டிடத்தின் நான்காவது மாடியில் பல் டாக்டர் அம்மாவின் சமையலறை.

உடனே திருப்பியிருக்கலாம். அவர் திருப்பவில்லை. டாக்டரம்மா மறுநாள் இரண்டு கட்டிடத்துக்கும் பொதுவான குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில், பதினொரு நிமிடம் அந்தக் குழாய் தன் சமையலறையைப் பார்த்தபடி நின்றதாகக் கடிகாரச் சாட்சியோடு குறிப்பிட்டிருந்தார். சங்கக் கூட்டத்தில் ரசமட்டத்தை எழுந்து நிற்கச் சொன்னார்கள். தெரியாமல் பட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். மனைவி அதைத்தான் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

"பார்த்தது நெசந்தான்" என்றார் ரசமட்டம். "ஆனா அந்தம்மாவ இல்ல. அலமாரிக் கதவைப் பார்த்தேன். மேல் கீல் தளர்ந்து மூணு நூல் எறங்கியிருக்கு. எப்படித்தான் அந்த வீட்ல சமைக்கிறாங்களோ."

நூல் என்பது தச்சர்கள் கணக்கில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு. அறுபது அடி தூரத்திலிருந்து அடுத்தவர் வீட்டுக் கதவை அந்தத் துல்லியத்தில் பார்க்க முடிகிறது என்று அவரே சபையில் நிரூபித்துவிட்டார். கூட்டத்தில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு இரவு மனைவி எதிரே வைத்த தட்டில் ரொட்டியை வேண்டுமென்றே தாறுமாறாகக் கிழித்து வைத்திருந்தார்.

சங்கத்தின் செயலாளர் அம்மா, ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் தேர்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கையில் அட்டையும் பேனாவுமாக ஊரையே கதிகலங்க வைத்தவர். அட்டையும் பேனாவும் அவரோடு சேர்ந்து ஓய்வு பெறவில்லை. அன்றைக்கே கூட்டத்தில் யோசித்து ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தார்: அடுத்த வாரத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறே முக்காலுக்கு மொட்டை மாடியில் தேர்வு. பத்து நிமிடம். வானத்தில் இருப்பது எதையாவது அவருக்குக் காட்ட வேண்டும். நிலவைக் காட்டுவது செல்லாது. ஒரு ஜன்னலைத் தொட்டாலும் தோல்வி. தோற்றால் சாவி சங்கத்துக்கு, குழாய் கீழே வீட்டுக்கு.

"இன்னொண்ணு" என்றார். "தேடுறதுக்குன்னு ஏதோ மாட்டுவாங்களாமே, மாட்டிக்கோங்க. ஆனா அது பெருசாக் காட்டக் கூடாது. ஒண்ணு பெருசாக் காட்டுற லட்சணமே போதும்."

கீழே வீடு என்பது இரண்டு அறை. அதில் தொலைநோக்கி நுழைந்தால் கட்டில் வெளியேற வேண்டும். பால்கனியிலிருந்து தெரிவது பக்கத்துச் சுவர். அந்தக் கட்டிடத்தில் வானம் தெரியும் இடம் மொட்டை மாடி ஒன்றுதான். சாவி போனால் பதினான்கு மாத வேலை ஒரு நீளமான துணிப்பெட்டியாகிவிடும். ரசமட்டம் மறுநாளே கண்ணாடிக் கடையில் போய் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் நான்கு மாலை எழுந்திருக்கவில்லை. பார்வை பரிசோதிக்க வருபவர்களுக்கான நாற்காலியில் அவர் இருந்ததால், வந்தவர்கள் நின்றுகொண்டே எழுத்துப் படித்தார்கள். பெரிதாக்காத ஃபைண்டர் என்றால் மூன்று வகைதான் இருக்கிறது, சீக்கிரம் முடிவு செய் என்று கடைக்காரர் மூன்றையும் மேசைமேல் வைத்தார்.

முதலாவது வெறும் குழல், நுனியில் குறுக்குக் கம்பி. ரசமட்டத்துக்குக் கண்டதும் பிடித்துவிட்டது. ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்க இதைவிடத் தோதான சாமான் உலகத்தில் உண்டா. ஆனால் அந்தியில் உள்ளே கம்பி தெரியவில்லை. கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் குறியும் கூடவே நகர்ந்தது. எதிர்க் கடைப் பலகையின் முதல் எழுத்துக்கு வைத்த குறி கடைசி எழுத்தில் போய் நின்றது. இரண்டாவது செருப்புப் பெட்டி அளவு. சாய்த்து வைத்த கண்ணாடியில், ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சிவப்பு வட்டங்கள் வானத்திலேயே வரைந்தது போல மிதக்கும். நாலு மாலையில் இரண்டு அதற்கே போயிற்று. வட்டங்களில் அவர் குறை காணவில்லை. அடித்தட்டைக் கவிழ்த்து மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். அரை நூல் வித்தியாசம். தவிர, அதை ஏற்றினால் குழாய் மூக்கு தொங்கிப்போகும், பின்னால் எடை கட்ட வேண்டும். வால் கட்டிப் பறக்கவிடுவதற்கு அது என்ன பட்டமா என்று தள்ளி வைத்துவிட்டார்.

மூன்றாவது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு சின்னக் கண்ணாடி, அதில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், எதிரே போய் யார் மேலும் விழாது. நட்சத்திரத்தின் மேல் புள்ளியை வைத்தால் தீர்ந்தது. பக்கத்தில் ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு திருகு. ரசமட்டம் அதைத் தெருவுக்கு நேரே பிடித்து, கடைக்கு எதிரே இருந்த கட்டிடத்தின் இடிதாங்கி நுனியில் புள்ளியை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

"இதான் சரி" என்றார். "வட்டம்னா கோணும், கோடுன்னா சாயும். புள்ளிக்குக் கோணல் கெடையாது."

"யோவ், ரெண்டு கண்ணையும் தொறந்து பாருய்யா" என்றார் கடைக்காரர். "ஒரு கண்ணு புள்ளியப் பார்க்கும், இன்னொண்ணு வானத்தப் பார்க்கும். மண்டைக்குள்ள ரெண்டும் ஒண்ணாயிடும். அப்படித்தான் இதச் செஞ்சிருக்கான்."

ரசமட்டம் திறந்து பார்த்தார். இடது கண் இமை, வெகுநாள் பூட்டியிருந்த கடையின் ஷட்டர் போல, பாதி ஏறி நடுங்கித் திரும்ப இறங்கிவிட்டது. இரண்டு கண்ணாலும் பார்ப்பது வேடிக்கை பார்ப்பவன் வேலை என்று சொல்லிவிட்டுச் சாமானை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அதன்பிறகு அவர் செய்ததை வேறு எந்தத் தொழில்காரரும் செய்திருக்க மாட்டார். ஃபைண்டருக்கு ஒரு மரப் பாதம் இழைத்தார். மூலைமட்டமும் இரும்பு அளவுகோலும் வைத்து, குழாயின் விளிம்புக்கு மயிரிழை பிசகாமல் இணையாகப் பொருத்தினார். இரண்டு திருகும் எதற்கு என்று யோசித்தார். கோணலாக்கத்தான் என்று புரிந்தது. வாங்குகிறவர்கள் ஒழுங்காகப் பொருத்தத் தெரியாதவர்களாக இருப்பார்கள், அதற்காக வைத்திருக்கிறான் என்று முடிவு செய்தார். இரண்டையும் நடுவில் நிறுத்தி, யாரும் அசைக்க முடியாதபடி ஆளுக்கு ஒரு சொட்டுப் பசை விட்டு மூடினார்.

திங்கட்கிழமை மாலை புள்ளி சரியாக வியாழன் மேல் உட்கார்ந்தது. தொலைநோக்கியில் கண் வைத்தார். ஒன்றுமில்லை. இருட்டுகூட இல்லை, அழுக்கு ஊதா. செவ்வாய்க்கிழமை மரப் பாதத்தை இன்னும் ஒரு சீவல் இழைத்தார். புதன்கிழமை அளவுகோலையே சந்தேகித்து இன்னொரு அளவுகோலால் அளந்தார். இரண்டும் ஒரே பதிலைச் சொல்லின. எல்லாம் நேர். வியாழனைத்தான் காணோம்.

தேர்வுக்கு முந்தின மாலை, பகல் பணி முடிந்து சீருடையோடு மனைவி மேலே வந்தார். கணவர் குழாயோடு கட்டிப் புரண்டுகொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் கைகட்டிப் பார்த்தார். தூரத்தில் ஆலைப் புகைபோக்கி தெரிகிறதே, அதன் நுனி தொலைநோக்கிக்குள் நடுவில் வரும்படி முதலில் வையுங்கள் என்றார். ரசமட்டம் தடவித் தடவி வைத்தார். இப்போது புள்ளி எங்கே இருக்கிறது என்று மனைவி கேட்டார். ரசமட்டம் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். புள்ளி புகைபோக்கியின் நுனியில் இல்லை. நன்றாகக் கீழே, இடப்பக்கமாகத் தள்ளி, ஏதோ ஒரு கூரைமேல் உட்கார்ந்திருந்தது.

"அப்ப புள்ளியக் கொண்டுபோய் புகைபோக்கி மேல வைங்க. அதுக்குத்தானே திருகு?"

"கோணலாயிடும்."

"ஆகட்டுமே."

"குழாய்க்கு நேராத்தான் வச்சிருக்கேன். அளந்து பார்த்துக்கோ."

மனைவி அளக்கவில்லை. "ஏங்க, நான் தெனம் அம்பது கையில ஊசி குத்துறேன். நரம்பு எங்க ஓடுதோ அங்கதான் குத்தணும். கை நேரா இருக்குன்னு நேராக் குத்தினா ரத்தம் வராது, அடிதான் வரும். உங்க குழாய் எங்க பார்க்குதுன்னு உள்ள இருக்கற கண்ணாடியைக் கேளுங்க. வெளிய இருக்கற மரத்தக் கேட்டா அதுக்கென்ன தெரியும்?"

மரத்தைப் பற்றி அவர் முன்னால் யாரும் அப்படிப் பேசியதில்லை. அன்றைக்கு ரொட்டியை ஓரம் பார்க்காமலே கடித்தார். படுக்கும்போது, பசை போட்டாச்சு என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஆறே முக்காலுக்குச் செயலாளர் அம்மா அட்டையும் பேனாவுமாக வந்தார். குழாய்க்குப் பக்கத்தில், இடது கைப்புறம், ஓட்டுநருக்கு அருகில் உட்காரும் தோரணையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அமர்ந்தார். இல்லாத இருக்கைப் பட்டையை மாட்டுவதுபோல முந்தானையை இறுக்கிக்கொண்டார். எதிர்க் கட்டிடத்தில் டாக்டரம்மா ஜன்னல் திரையை முன்னெச்சரிக்கையாக இழுத்துவிட்டிருந்தார். தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டு முழம் மேலே, தேர்வைப் பற்றிக் கவலையே இல்லாமல், வியாழன்.

"எடுங்க" என்றார் செயலாளர் அம்மா.

புள்ளி வியாழன்மேல் போய் உட்கார்ந்தது. உள்ளே அழுக்கு ஊதா. ரசமட்டம் குழாயை ஓர் அணு அசைத்தார். ஊதா. மறுபக்கம் ஓர் அணு. ஊதா. தொலைநோக்கி வெறும் வானத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் கீழே போனால் தொட்டி, அதற்கும் கீழே திரை, திரைக்குப் பின்னால் மூன்று நூல் இறங்கிய கதவு. நாலு நிமிஷம் ஆச்சு என்று பக்கத்து இருக்கை அறிவித்தது. மனைவி படிக்கட்டு வாசலில் சாய்ந்து நின்றிருந்தார். சொல்வதையெல்லாம் நேற்றே சொல்லியாகிவிட்டது.

ரசமட்டம் குழாயிலிருந்து முகத்தை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன உளியை எடுத்தார். செயலாளர் அம்மாவின் பேனா அட்டையைத் தொட்டு நின்றது. முதல் திருகின் மேலிருந்த பசையை நுனியால் நெம்பினார். பல் பிடுங்குவது போல ஒரு சத்தம் வந்தது. இரண்டாவதும் வந்தது.

"மேடம், அந்தப் புகைபோக்கிக்கு ஒரு தடவை போயிட்டு வரேன்."

செயலாளர் அம்மா திரும்பிப் பார்த்து யோசித்தார். "அது வீடு இல்ல. போகலாம்."

தொலைநோக்கிக்குள் எல்லாமே தலைகீழ்தான்; அதில் தொங்கிய புகைபோக்கி நுனியை நடுவில் நிறுத்தினார். பிறகு புள்ளியைப் பார்த்தார். அதே கூரைமேல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. திருகைப் பிடித்தார். ஒரு சுற்று. அந்தச் சின்னக் கருவி அவர் கண்ணெதிரே, அவர் கையாலேயே, அவர் இழைத்த பாதத்தின்மேல் வலப்பக்கம் தலையைத் திருப்பியது. இன்னொரு திருகு. மூக்கை உயர்த்தியது. கூட்டத்தில் முறைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளை மாதிரி குழாய் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். பட்டறைக்காரர்கள் பார்த்தால் பெயரையே மாற்றிவிடுவார்கள். புள்ளி ஊர்ந்து ஊர்ந்து புகைபோக்கி நுனியில் ஏறியது.

எட்டு நிமிடம் ஆகியிருந்தது. வியாழன் பக்கம் திரும்பினார். ஒற்றைக் கண்ணால் பார்த்தபோது அந்தச் சின்னக் கண்ணாடியின் நிறத்தில் வியாழனே மங்கிப்போனது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இடது கண்ணைத் திறந்தார். இமை நடுங்கியது. இறங்கவில்லை. மொட்டை மாடி, தொட்டி, வானம் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வந்தன. நடுவே எதிலும் ஒட்டாமல் சிவப்புப் புள்ளி மிதந்து வந்து கிரகத்தின்மேல் உட்கார்ந்தது.

குனிந்து பார்த்தார். வெண்ணெய் நிறத்தில் ஒரு வட்டம், அதன் மேல் இரண்டு பட்டை. சரியான வட்டம்கூட இல்லை, இடுப்பில் கொஞ்சம் உப்பியிருந்தது. இரண்டு பக்கமும் வரிசையாக நான்கு துணைக்கோள்கள், நூல் பிடித்து அடித்த நான்கு ஆணித்தலை போல. அதில் ஓரத்து ஆணி ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. அது அப்படியே இருக்கட்டும் என்று எழுந்து இடம் விட்டார்.

செயலாளர் அம்மா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். பிறகு அட்டையையும் பேனாவையும் பார்க்காமலே பின்னால் நீட்டினார். மனைவி வந்து வாங்கிக்கொண்டார். பத்து நிமிடம் எப்போது முடிந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை.

"நகருதே" என்றார் குனிந்தபடியே. "வண்டி நிக்க மாட்டேங்குது."

"அது ஓடல மேடம். நாமதான் ஓடிட்டிருக்கோம்."

செயலாளர் அம்மாவின் இடது கை நாற்காலியின் விளிம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது. வலது கால், தரையில் இல்லாத பிரேக்கை மெதுவாக அழுத்தியது. இன்னும் இரண்டு தடவை ரசமட்டம் குழாயைத் தள்ளி வைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒருவழியாகச் செயலாளர் அம்மா நிமிர்ந்தார். அட்டையை வாங்கி எதையோ எழுதினார். சாவியைக் கேட்கவில்லை. படியில் இறங்கும்போது, டாக்டர் வீட்டு அலமாரிக் கதவை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிடுங்கள், வாசல் வழியாகப் போங்கள் என்று மட்டும் குரல் வந்தது.

மனைவி போர்வையை உதறிக்கொண்டு மூட வந்தார். ரசமட்டம் கையைக் காட்டி நிறுத்தினார். முறைத்துக்கொண்டு நிற்கும் அந்த ஃபைண்டரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். காதுமேலிருந்து பென்சிலை எடுத்தார். குனிந்தபோது பழக்கத்தில் இடது கண் மூடப் போய், பாதியில் நின்று, திறந்துகொண்டது. திருகின் தலையிலிருந்து மரப் பாதம்வரை, இனி அசைந்தாலும் இதே இடத்துக்குக் கொண்டுவர, அது நின்ற அதே கோணலில், ஒரு கோடு போட்டார்.